கறுப்பின் மேல் கறுப்பு: மரியா மார்ட்டினெஸ் குடும்பத்துப் பானைகள்
சான் இல்டெஃபான்சோ, நியூ மெக்சிகோ, அமெரிக்கா

இந்தப் பானையில் கறுப்புச் சாயம் துளியும் கிடையாது. சக்கரமும் தொட்டதில்லை. எரிமலைச் சாம்பல் கலந்த களிமண்ணைத் திரிகளாக உருட்டி, சுற்றி அடுக்கி, கையாலேயே எழுப்பியது. அதன்மேல் சிவந்த மண்குழம்பு பூசி, ஈரம் காய்வதற்குள் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார் மரியா (1887–1980). மெருகின் மேல் கணவர் ஜூலியன் மண்குழம்பாலேயே சித்திரம் எழுதுவார். சுடுவது திறந்தவெளியில். வறட்டி எரிந்து சூடு ஏறியதும், பொடித்த குதிரைச் சாணத்தைக் கொட்டி நெருப்பை அமுக்கிவிடுவார்கள். காற்றில்லாமல் புகை அடைந்து, சிவப்பு கறுப்பாகும். தேய்த்த இடம் மின்னும், எழுதிய இடம் மங்கி நிற்கும். 1919 வாக்கில் கைவந்த இந்த நுட்பத்தை ஒளித்துவைக்காமல் ஊராருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுடைய பெரிய சாதனை அதுதான்.

சேகரிப்பவர்கள் முதலில் பானையைக் கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பார்கள். தொடக்க காலத்தவற்றில் கையெழுத்து இல்லை. பிறகு மரியா ‘மேரி’ என்று கையெழுத்திட்டார், அடுத்து ‘மேரி’யுடன் ஜூலியனின் பெயரும். 1943இல் ஜூலியன் மறைந்தபின் மருமகள் சாந்தானாவின் பெயர் சேர்ந்தது. 1950களின் நடுவிலிருந்து மகன் போபோவி டாவின் பெயர். அக்கம்பக்கத்துப் பெண்களின் பானைக்கும் நல்ல விலை கிடைக்கட்டும் என்று மரியா அவற்றிலும் கையெழுத்திட்டதுண்டு. ஆகவே பெயரை மட்டும் நம்பி விலை பேசக்கூடாது. மெருகையும் வடிவத்தையும் பார்க்க வேண்டும்.

குறைந்த சூட்டில் வெந்த மண் இது. தண்ணீர் பட்டால் மெருகு கெட்டுவிடும். தயவுசெய்து தொடாதீர்கள்.