கரைவலையும் அலைவரிசையும்: சமுதாயத் தொலைக்காட்சியின் எதிர்காலம் பற்றிய சில சிந்தனைகள்

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, முந்தல் களப்புக்கும் கடலுக்கும் நடுவில் அமைந்த உடப்பு, தமிழியல் ஆய்வாளருக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களாலேயே அறிமுகமாகியுள்ளது. ஒன்று, திரௌபதை அம்மன் ஆலயத்தின் ஆடி மாதத் தீமிதிப்பு. மற்றது, கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல். இவ்விரண்டையும் நாட்டார் வழக்காறுகளாக ஆராய்வது எமது நோக்கமன்று. இவற்றுக்கு உரியோரான மக்கள் தமது வாழ்வைத் தாமே படம்பிடித்துத் தமக்கும் அயலவர்க்கும் காட்டுவதற்கு, ஒளிபரப்பு அலைவரிசைகளில் ஓரிடத்தைப் பெற முடியுமா என்பதே ஈண்டு எழுப்பப்படும் வினா. இத்தகைய இடம் இலங்கையில் இதுவரை எந்தக் கிராமத்துக்கும் சட்டத்தாற் கிடைத்ததில்லை. கிடைத்த நாடுகளிலும் அது பறிபோகும் நிலையிலுள்ளது.

சமுதாயத் தொலைக்காட்சி என்பது அரசுக்கோ இலாப நோக்குடைய நிறுவனத்துக்கோ உரியதன்று. குறித்த பிரதேசத்தின் மக்கள் தாமே நிகழ்ச்சிகளைத் தயாரித்து, தாமே நிர்வகித்து, வலுக்குறைந்த ஒளிபரப்பியின் மூலம் சில மைல் சுற்றளவுக்கு அனுப்பும் சேவையே அதுவாகும். வானொலி தோன்றிச் சில ஆண்டுகளே கழிந்திருந்த 1932 இல், அக்கருவி விநியோகத்துக்கு மட்டும் பயன்படுவதைப் பெர்டோல்ட் பிரெக்ட் கண்டித்தார். கேட்பவனைப் பேசுபவனாகவும் ஆக்கும் தொடர்புச் சாதனமாக அது மாறவேண்டுமென அவர் வற்புறுத்தினார். சமுதாயத் தொலைக்காட்சிக்கான கோரிக்கையின் கோட்பாட்டு வித்து அதுவே எனலாம்.

உடப்பின் கரையில் நின்று பார்த்தால் இவ்வினாவின் பொருளாதார அடித்தளம் எளிதில் விளங்கும். கடல் எவருக்கும் சொந்தமில்லை. கரையும் பொதுவே. எனினும் வலை போடும் இடமாகிய ‘பாடு’ வரையறுக்கப்பட்டது. அனுமதியின்றி அங்கு வலை விரிக்க முடியாது. வள்ளமும் வலையும் சம்மாட்டிக்குரியன. கயிற்றின் இருபுறமும் நின்று மணிக்கணக்காக இழுக்கும் தொழிலாளருக்கு, செலவு கழித்த பின் எஞ்சியதிற் பங்கு உண்டு. வலையில் உரிமை இல்லை. இயற்கை வளம் பொதுவாயிருக்க, அதனைப் பயன்படுத்தும் உற்பத்திக் கருவி தனியுடைமையாயிருக்கும் இம்முரண்பாடு அலைவரிசைக்கும் அப்படியே பொருந்தும். வானலை பொதுச்சொத்து, ஒளிபரப்பிக்கு மட்டும் சம்மாட்டி உண்டு. இதனை வெறும் உவமையாக நாம் கூறவில்லை. பொதுவளம் எதுவாயினும், அதன் வாயிலில் நின்று அனுமதிப்பத்திரம் வழங்குவோர் யார் என்பதே வர்க்க உறவுகளைத் தீர்மானிக்கும் முதல் வினாவாகும்.

இக்கரைக்கு அலைவரிசை புதியதுமன்று. சிலாபத்துக்குத் தெற்கே இரணவிலையில் ‘வொயிஸ் ஒப் அமெரிக்கா’ வானொலியின் அஞ்சல் நிலையம் 1990களில் அமைக்கப்பட்டபோது, மீனவ மக்களும் கத்தோலிக்கக் குருமாரும் நெடுநாள் எதிர்ப்புப் போராட்டம் நடத்தினர். நிலையம் எழும்பியது, ஆசியாவை நோக்கிச் சிற்றலையில் ஒலிபரப்பியது, 2016 இல் தேவை முடிந்ததும் மூடப்பட்டது. வடக்கே புத்தளத்தில், 1970களின் பிற்பகுதியிலிருந்து, 400 கிலோவாட் வலுவுடைய மத்திய அலை ஒலிபரப்பி மூலம் வெளிநாட்டுக் கிறிஸ்தவ நிறுவனமொன்று இந்தியாவை நோக்கிப் பிரசார நிகழ்ச்சிகளை அனுப்பிற்று. இவ்விரு கோபுரங்களுக்கும் இடைப்பட்ட கரையிலேயே உடப்பு உள்ளது. கண்டங்கடந்து பேசுவதற்கு வேண்டிய வலு இக்கரையில் இருந்தது. அடுத்த ஊரோடு பேசுவதற்கு வேண்டிய சில வாட் வலுவுக்கு உரிமம் கேட்பதற்குச் சட்டத்தில் ஓர் இனம்தானும் இருக்கவில்லை.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்பிரலில் சுயாதீனத் தொலைக்காட்சி என்னும் தனியார் முயற்சியாகத் தொடங்கி, இரண்டு மாதத்துள் அரசுடைமையாயிற்று. ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பை ஆரம்பித்தது. அவ்வாண்டுச் சட்டம் தனியாருக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தை அமைச்சரின் கையில் வைத்தது. பின்வந்த தனியார் அலைவரிசைகள் இவ்வழியாலேயே நுழைந்தன. 1997 இல் ஒலி-ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, அலைவரிசைகள் வரையறைக்குட்பட்ட பொதுச்சொத்து என்பதும், அவற்றை ஒழுங்குபடுத்தும் சபை அரசின் பிடியினின்று விடுபட்டிருக்க வேண்டுமென்பதும் தெளிவாக்கப்பட்டன. சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணெனக் கண்டு கைவிடப்பட்டது. இரண்டாண்டுகளுக்கு முன்னர் இந்திய உச்ச நீதிமன்றமும் வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் வானலை பொதுச்சொத்தெனத் தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பிற் பொதுச்சொத்தான வானலை நடைமுறையிற் பொதுவாகவில்லை என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வானொலியில் ஓரளவு முன்னேற்றம் இருந்தது. மகாவலிக் குடியேற்றங்களில் யுனெஸ்கோ, டென்மார்க் ஆகியவற்றின் ஆதரவோடு எழுந்த சமுதாய வானொலியும், 1989 இல் தோன்றிய கொத்மலை நிலையமும் உலகெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டன. எனினும் இவற்றின் உரிமம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடமே இருந்தது. நுண்ணொலிவாங்கி மக்களிடம், ஆளி கொழும்பில். இதனைச் சமுதாய ஊடகம் என அழைப்பதில் எமக்குத் தயக்கம் உண்டு.

தொலைக்காட்சியில் நாம் கற்கத்தக்க ஆசிய அனுபவம் குஜராத்தின் கேடா மாவட்டத்தினது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 1975 இல் பிஜ் என்னும் சிற்றூரில் ஒரு கிலோவாட் ஒளிபரப்பியை நிறுவி, அம்மாவட்டத்துக்கே உரிய நிகழ்ச்சிகளை அனுப்பியது. கூலி விவசாயிகளின் குறைந்தபட்ச ஊதியம், சாதிக்கொடுமை, கடன் முதலிய விடயங்கள் ஊர்மக்களே நடித்த நாடகங்களாகத் திரையில் வந்தன. 1984 இல் யுனெஸ்கோவின் கிராமியத் தொடர்புப் பரிசு இதற்குக் கிடைத்தது. சில காலத்துள், தேசிய ஒளிபரப்பின் விரிவாக்கத்தினிடையே பிஜ் நிலையம் மூடப்பட்டது. பார்வையாளர் இல்லாமையாலோ தொழில்நுட்பம் தோற்றமையாலோ அது அழியவில்லை. கூலி பற்றிப் பேசிய திரையைப் பாதுகாப்பதற்குச் சட்ட உரிமை எதுவும் அதனிடம் இருக்கவில்லை. நிர்வாக முடிவொன்றே போதுமாயிற்று.

இனி இன்றைய நிலை. அலைவரிசை அருமையானது, ஆகவே எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட நியாயம். எண்ணியல் முறை அந்நியாயத்தை உடைத்துவிட்டது. முன்னர் ஒரேயொரு சேவை நிரப்பிய அலைவரிசை இடத்தில் இன்று பல சேவைகளை ஒன்றாகப் பொதிந்து அனுப்பலாம். இலங்கை 2014 இல் ஜப்பானிய எண்ணியல் முறையைத் தெரிவுசெய்து, அதற்கான கடனுதவியையும் ஜப்பானிடம் பெற இணங்கியது. ஒளிபரப்புக் கோபுரமெனச் சொல்லப்பட்ட தாமரைக் கோபுரமோ சீனக் கடனில் எழுந்தது. 2022 இல் நாடு வெளிநாட்டுக் கடன் மீளளிப்பை நிறுத்தியபோது ஜப்பானியக் கடனுதவித் திட்டங்கள் இடைநின்றன. 2024 இலேயே அவற்றை மீளத் தொடங்க இணக்கம் ஏற்பட்டது. எண்ணியல் மாற்றத்தில் மீதமாகும் அலைவரிசை யாருக்கு என்னும் வினா இன்னும் திறந்தே உள்ளது. கைத்தொலைபேசி நிறுவனங்கள் உலகெங்கும் அதனை விலைகொடுத்து வாங்கக் காத்திருக்கின்றன. பொதியில் இடம் பெறுவதற்கான கட்டணமும் புதியதொரு வாயிற்காவலாக எழும். அருமை என்னும் பழைய தடை நீங்க, விலை என்னும் புதிய தடை அவ்விடத்தில் அமரும்.

இவ்விடத்தில் அவுஸ்திரேலியாவின் கதை எமக்கு எச்சரிக்கையாக அமைகிறது. ஈழத் தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய மெல்பேண் நகரில் 1990களிலிருந்து சமுதாயத் தொலைக்காட்சி வானலையில் இயங்கி வருகிறது. 2014 இல் அந்நாட்டு அரசு, சமுதாய நிலையங்கள் வானலையை விட்டு இணையத்துக்குச் செல்லவேண்டுமென அறிவித்தது. சிட்னி நிலையம் 2015 முடிவிலும், பேர்த் நிலையம் 2020 இலும் வானலையினின்று மறைந்தன. மெல்பேணும் அடிலெயிட்டும் 2024 வரை தவணை தவணையாக நீடிப்புப் பெற்று நின்றன. ஒவ்வொரு தவணையும் முடியும் தறுவாயில் அடுத்த ஆண்டுக்கான கருவி வாங்குவதா, பயிற்சி நடத்துவதா என்று தெரியாத நிறுவனம் எதனைத் திட்டமிட முடியும்?

இணையம் இருக்க வானலை எதற்கு என்போர் எம்மவருள்ளும் உளர். கையிலுள்ள தொலைபேசியால் உடப்பின் இளைஞர் தீமிதிப்பை உலகுக்கே காட்டவில்லையா என்று கேட்பர். காட்டுகின்றனர், அதனை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் வானலையில் ஒருவர் பார்த்தாலும் ஓராயிரவர் பார்த்தாலும் பார்ப்பவருக்குச் செலவு ஒன்றே. இணையத்தில் ஒவ்வொரு பார்வைக்கும் தரவுக் கட்டணம் உண்டு. எது மேலெழும், எது அமிழும் என்பதைத் தீர்மானிக்கும் கணிப்புமுறை அயல்நாட்டு நிறுவனத்தின் உடைமை. தீமிதிப்பு அங்கு மேலெழும். கரைவலைப் பங்கு பற்றிய வழக்கு மேலெழாது.

மொழிக்கும் இதில் பங்கு உண்டு. நீர்கொழும்பு தொடங்கிச் சிலாபம் வரையான கரையோர ஊர்கள் பலவற்றில், பாடசாலையும் வழிபாடும் மொழி மாறியதோடு கடந்த நூற்றாண்டில் தமிழ் பின்வாங்கியது. உடப்பு தமிழோடு நிலைத்தது. ஆனால் அதன் வீடுகளுக்குள் திரைவழியாக வரும் தமிழ் சென்னைத் தொடர்களினதும் கொழும்புச் செய்தியினதும் தமிழே. பாடு, மடி, அம்பா என்னும் சொற்கள் வழங்கும் தமிழ், திரைக்குரிய தமிழாகக் கருதப்படுவதில்லை. இயந்திரங்கொண்டு வலையிழுக்கும் முறை பரவும் கரைகளில், ஒருவர் எடுத்துப் பாட மற்றவர் ஏற்றுப் பாடும் அம்பாவுக்கு வேலையே இல்லாமற் போகிறது. பல்கலைக்கழகத்தவராகிய நாம் அதனை ஒலிப்பதிவு செய்து நூலகங்களில் வைத்துள்ளோம். பாடியவர் திரும்பக் கேட்க வழிசெய்தோமில்லை.

ஊர் என்பது ஒற்றை வர்க்கமன்று என்பதையும் மறத்தலாகாது. உடப்புக்கு நாளை ஒளிபரப்பி கிடைத்தால், சம்மாட்டிகளும் ஆலய நிர்வாகிகளும் அதன் நிர்வாகசபையில் முதலில் அமரக்கூடும். கயிறு இழுப்பவரும் கருவாடு போடும் பெண்களும் கடைசியில் அழைக்கப்படக்கூடும். ஆகவே எண்ணியல் மாற்றத்துக்கான சட்டம் வரையப்படும்போது, பொதியொன்றில் ஒரு பங்கு கட்டணமின்றிச் சமுதாய நிலையங்களுக்கு ஒதுக்கப்படுவதோடு, அந்நிலையங்களின் சபையில் உழைப்போருக்கும் பெண்களுக்கும் பெரும்பான்மை உண்டென்பதும் அச்சட்டத்திலேயே எழுதப்படல் வேண்டும். மாற்றம் நிறைவேறி அலைவரிசை விற்கப்பட்ட பின்னர் இதனைக் கேட்டால், வழங்குவதற்கு அலைவரிசை எஞ்சியிராது.