ரோமாபுரிக் கொடுங்கோலர்

ரோமாபுரியை ஆண்ட கொடுங்கோலரைப் பற்றிப் பேச்செடுத்தால், கேட்போர் உள்ளத்தில் முதலில் தோன்றுவன இரண்டு காட்சிகள். நகரம் பற்றி எரிகையில் நீரோ பிடில் வாசித்தது ஒன்று. காலிகுலா தன் குதிரையைக் கான்ஸல் பதவியில் அமர்த்தியது மற்றொன்று. நான் வரலாறு கற்பித்த நாளெல்லாம் மாணவர்கள் இவ்விரண்டையும் பற்றிக் கேளாமல் விட்டதில்லை. இரண்டும் நடந்தவை அல்ல. பிடில் என்னும் கருவி தோன்றியதே பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர்தான். கி.பி. 64ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தீ மூண்டபோது நீரோ நகரில் இல்லை. ஆன்டியம் என்னும் கடற்கரை ஊரில் இருந்தான். செய்தி அறிந்து திரும்பி வந்து, வீடிழந்தோர் தங்குவதற்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான். இதனை எழுதியவர், நீரோவிடம் சற்றும் பரிவில்லாத டாசிட்டஸ் என்னும் வரலாற்றாசிரியர். குதிரையின் கதையோ, காலிகுலாவுக்கு அப்படியோர் எண்ணம் இருந்ததாகப் பேசிக்கொண்டார்கள் என்ற அளவில் நிற்கிறது.

அவ்விருவரையும் நல்லவராக்கிக் காட்டுவது என் நோக்கமன்று. நீரோ 59ஆம் ஆண்டில் தாயைக் கொல்வித்தான். 62இல் மனைவியைக் கொல்வித்தான். 65இல் தன் ஆசான் செனெக்காவைத் தற்கொலை செய்துகொள்ளும்படி ஆணையிட்டான். ஆனால் பிடிலும் குதிரையும் நம் கருத்தைத் திசை திருப்பிவிடுகின்றன. கொடுமையெல்லாம் பித்துக் கொண்ட ஒருவனின் விளையாட்டு என்று எண்ணிச் சிரித்துவிட்டுப் போகிறோம். பித்தன் ஒருவன் தன் இரு கைகளால் எத்தனை பேரைக் கொல்ல முடியும்? அவனுக்குச் சட்டம் வேண்டும், சாட்சி வேண்டும், தலையசைக்கும் சபை வேண்டும். இத்தனையும் ரோமில் எவ்வாறு கிடைத்தன என்பதையே ஆராய வேண்டும்.

முதலில் சட்டம். ரோம மக்களின் மாட்சிமைக்கு ஊறு செய்வோரைத் தண்டிக்கக் குடியரசுக் காலத்திலேயே ஒரு சட்டம் இருந்தது. படையைப் பகைவனிடம் காட்டிக் கொடுப்பது, கலகம் மூட்டுவது போன்ற செயல்களுக்கே அது உரியது. மக்களின் மாட்சிமை என்பது மெல்ல மெல்லச் சக்கரவர்த்தியின் மாட்சிமையாக மாறிற்று. செயலுக்கு இருந்த தண்டனை சொல்லுக்கும் எழுத்துக்கும் வந்தது. 14ஆம் ஆண்டு முதல் 37 வரை ஆண்ட டைபீரியஸ் காலத்தில் இது முழு உருப்பெற்றது. ரோமில் அரசு வழக்குரைஞர் என்று தனியே ஒருவர் இல்லை. குற்றம் சாட்ட விரும்பும் எவரும் முன்வரலாம். குற்றம் மெய்ப்பட்டால் குற்றவாளியின் சொத்தில் நாலில் ஒரு பங்கு சாட்டியவருக்குச் சேரும், எஞ்சியது பறிமுதல்.

இந்த நாலில் ஒரு பங்கை நேயர்கள் சற்று மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். காட்டிக் கொடுப்பது ஒரு தொழிலாயிற்று. விருந்தில் சொன்ன ஒரு சொல், நண்பனிடம் விட்ட ஒரு பெருமூச்சு, எல்லாம் காசாயிற்று. 24ஆம் ஆண்டில் செனட் சபையில் ஒரு வழக்கு நடந்தது. குற்றவாளி விபியஸ் செரெனஸ். நாடு கடத்தப்பட்டிருந்த இடத்திலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட முதியவர். நேர்த்தியாக உடுத்து, மலர்ந்த முகத்துடன் எதிரில் நின்று குற்றம் சாட்டியவன் அவருடைய மகன். அவனுக்கும் அதே பெயர். மகன் சாட்ட, தந்தை விடை கூற, அறிஞர் நிறைந்த அவை பார்த்துக்கொண்டிருந்தது.

அதே ஆண்டில், குற்றம் சாட்டப்பட்டவர் தீர்ப்புக்கு முன்பே உயிரை மாய்த்துக்கொண்டால் சாட்டியவருக்குப் பங்கு இல்லை என்று விதிக்கலாமே என ஒரு யோசனை எழுந்தது. நல்ல யோசனை. அதனை மறுத்தவன் டைபீரியஸே. அப்படிச் செய்தால் சட்டத்தைக் காப்பவர் இல்லாமற் போவர் என்பது அவன் வாதம். கூலியை நிறுத்தினால் வேலை நடவாது என்பதை அவன் நன்கு அறிந்திருந்தான்.

மறு ஆண்டு, 25இல், கிரெமூஷியஸ் கார்டஸ் என்னும் வரலாற்றாசிரியர்மேல் வழக்குத் தொடுத்தார்கள். ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸைத் தம் நூலில் புகழ்ந்தார், காசியஸை ரோமரில் கடைசியானவர் என்று எழுதினார், இவையே குற்றம். அந்நூலில் கூறப்பட்டோர் மறைந்து ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆகியிருந்தன. கார்டஸ் சபையில் தம் கருத்தை எடுத்துரைத்துவிட்டு, வீட்டுக்குச் சென்று உண்ணாமல் உயிர் துறந்தார். அவருடைய நூல்களைக் கொளுத்துமாறு சபை ஆணையிட்டது. ஆனால் அவர் மகள் மார்சியா சில படிகளை மறைத்துக் காத்து வைத்திருந்தார். டைபீரியஸ் இறந்தபின் அவை மீண்டும் வெளிவந்தன. பின்னாளில் மகனை இழந்து வருந்திய அந்த அம்மையாருக்கு ஆறுதல் கூறிச் செனெக்கா எழுதிய நூல் இன்றும் இருக்கிறது. கார்டஸின் வரலாறோ காலப்போக்கில் மறைந்துவிட்டது.

காலிகுலாவின் நான்கு ஆண்டு ஆட்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டைபீரியஸ் விட்டுச்சென்ற பெருநிதியை ஓராண்டுக்குள் கரைத்தான் என்பர். கஜானா காலியான பின் செல்வர்மேல் வழக்குகள் பெருகின. 41ஆம் ஆண்டு ஜனவரியில் அவனை வெட்டிச் சாய்த்தவர்கள் அவனுடைய காவற்படையினரே.

நீரோவின் காலத்திலும் இதே கணக்குத்தான். ஆப்பிரிக்க மாகாணத்தின் பாதி நிலம் ஆறு செல்வரிடம் இருந்தபோது நீரோ அவர்களைக் கொன்றான் என்று பிளினி ஒரே வரியில் எழுதிவிட்டு வேறு செய்திக்குப் போகிறார். அவர் எழுதியது பயிர்த்தொழிலைப் பற்றிய பகுதியில். இத்தகைய போகிற போக்கிலான சான்றுகளை நான் பெரிதும் மதிக்கிறேன். அவற்றில் அலங்காரம் இல்லை. நீரோவின் காசும் அப்படிப்பட்ட சான்று. ஒரு ராத்தல் வெள்ளியில் 84 டினாரியஸ் அடித்து வந்தார்கள். தீக்குப் பின் நீரோ அதனை 96 ஆக்கினான். செம்பையும் மிகுதியாகக் கலந்தான். எரிந்த நகரைக் கட்டவும், தான் வாழப் பொன்மாளிகை எழுப்பவும் பணம் வேண்டியிருந்தது.

81 முதல் 96 வரை ஆண்ட டொமிஷியனைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது அத்தனை எளிதன்று. மாகாண அதிகாரிகள் அவன் காலத்தில் இருந்ததுபோல் நேர்மையாக என்றும் இருந்ததில்லை என்று, அவனை வெறுத்த சூட்டோனியஸே ஒப்புகிறார். வெளியூரில் நீதி, தலைநகரில் அச்சம்! அந்த அச்சத்தை நேரில் அறிந்தவர் டாசிட்டஸ். அவன் ஆட்சியில் பதவி வகித்துச் செனட்டில் அமர்ந்திருந்தவர் அவர். நல்லவர்களைச் சிறைக்கு இழுத்துச் சென்றவை தம் போன்றோரின் கைகளே என்று அவர் பின்னர் எழுதினார். மற்றைய வரலாற்றாசிரியர்கள் மன்னனை வைதார்கள். இவர் தம்மையும் சேர்த்துக்கொண்டார். ரோம வரலாற்றில் நான் அடிக்கடி திருப்பிப் படிக்கும் பக்கம் அது.

மார்க்கஸ் அரேலியஸ் என்னும் தத்துவ அரசருக்கு மகனாகப் பிறந்தவன் கொமோடஸ். அவன் வில்லும் வாளும் ஏந்தி அரங்கில் விளையாடிக்கொண்டிருக்க, அடிமையாய் இருந்து உயர்ந்த கிளியாண்டர் என்பவன் பதவிகளை விலை கூறி விற்றான். இருவர் இருவராய் வகிக்க வேண்டிய கான்ஸல் பதவியை ஒரே ஆண்டில் 25 பேர் வகித்தார்கள். 190இல் தானியத் தட்டுப்பாடு வந்து மக்கள் கொதித்தெழுந்தபோது, கொமோடஸ் தன்னைக் காத்துக்கொள்ளக் கிளியாண்டரைக் கைவிட்டான். 192ஆம் ஆண்டின் கடைசி நாளில் கொமோடஸும் கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டான்.

பதவிகளை விற்ற பின் எஞ்சியிருந்தது அரசு ஒன்றே. மறு ஆண்டு மார்ச் மாதத்தில் அதுவும் விலைக்கு வந்தது. கொமோடஸுக்குப் பின் வந்த பெர்டினாக்ஸ் படையில் ஒழுங்கை நிலைநாட்ட முயன்றார். 87ஆம் நாள் காவற்படையினர் அவரைக் கொன்றார்கள். பின்னர்ப் பாசறைக்குள் ஒருவர், வெளியே மதிலருகில் ஒருவர் என்று நிறுத்தி ஏலம் நடத்தினார்கள். வெளியே நின்ற டிடியஸ் ஜூலியானஸ் வீரன் ஒருவனுக்கு 25,000 செஸ்டர்ஸ் வீதம் தருவதாகக் கூறிப் பேரரசைப் பெற்றான். இதனை எழுதிய டியோ காசியஸ் அன்று செனட்டில் இருந்தவர். செய்தி கேட்டு நடுங்கினாலும், வீட்டில் ஒளிந்தால் ஐயம் வரும் என்று குளித்து, உணவருந்தி, ஒன்றும் நடவாதது போல் சபைக்குப் போனதாகச் சொல்கிறார். விலை கொடுத்து வாங்கிய அரசு 66 நாள் நிலைத்தது.

காரகல்லா 211இல் உடன்பிறந்த கேட்டாவைத் தாயின் மடியிலேயே கொல்வித்தான். கேட்டாவின் பெயரைக் கல்வெட்டுகளிலிருந்து செதுக்கி எடுத்தார்கள். ரோமில் அவர்கள் தந்தை செவெரஸின் வெற்றி வளைவில் அந்த வடுவை இன்றும் காணலாம். படைவீரரின் ஊதியத்தை உயர்த்தினான். அதற்குப் பணம் காண இரண்டு டினாரியஸ் பெறும் என்று ஒரு புதிய காசு அடித்தான். அதில் இருந்த வெள்ளியோ ஒன்றரைக் காசு அளவுதான். அடுத்த 60 ஆண்டுகளில் அக்காசில் வெள்ளி நூற்றுக்கு ஐந்து பங்கும் இல்லாமற் போயிற்று.

இக்காசுகளின் கதை நம் நாட்டையும் தொடுகிறது. மிளகுக்கும் மணிக்கும் விலையாக வந்த ரோமானிய வெள்ளிக்காசுகள் கொங்கு நாட்டில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. நீரோ செம்பு கலந்த பின்னர் வந்த வெள்ளிக்காசுகள் அரியவை. நம் வணிகர் உரைத்துப் பார்த்து ஒதுக்கினர் என்று கருதுவோர் உண்டு. பொற்காசு மட்டும் தொடர்ந்து வந்தது. 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் ஒரு புதையல் கிடைத்தது. அதில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரையிலான மன்னர்களின் முகங்கள் அவற்றில் உள்ளன. டைபீரியஸும் நீரோவும் அவற்றுள் அடங்குவர். பெரும்பாலான காசுகளில் மன்னன் முகத்தின் குறுக்கே உளியால் ஓர் ஆழ்ந்த வெட்டு விழுந்திருக்கிறது. வெட்டியவனுக்கு நீரோ யார், அவன் என்ன செய்தான் என்பதெல்லாம் தெரிந்திராது. தேய்ந்த காசு இனிச் செலாவணியாகாது, எடைக்குத்தான் செல்லும் என்று காட்டவே அப்படி வெட்டினார்கள் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.