பிரித்துப் போட்ட மோட்டார்

ஓடுகிற மோட்டாரை விலைக்கு வாங்குவதற்குப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வேண்டியதில்லை. ஏறி உட்கார்ந்து ஒரு மைல் தூரம் ஓட்டிப் பார்த்தால், வண்டி தன் குணதோஷங்களைத் தானே சொல்லிவிடும். ஓடாத வண்டியை, அதிலும் பாகம் பாகமாகப் பிரித்துப் போட்ட வண்டியை வாங்குவதுதான் சோதனை. எஞ்சின் ஒரு மூலையில் கிடக்கும்; கதவுகள் சுவரோரம் சாய்ந்திருக்கும்; ஆசனங்கள் பரண்மேல் இருக்கும்; நட்டும் போல்ட்டும் பிஸ்கோத்துத் தகரங்களில் குவிந்திருக்கும். நடுவே நாலு மரக்கட்டைகளின் மீது வெறுங்கூடு நிற்கும். இந்தக் காட்சியைக் கண்டு திரும்பி ஓடாமல், பையிலிருந்து பணத்தை எடுக்கிறவர்கள் இங்கிலாந்து தேசத்தில் இருக்கத்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அவர்களுள் விவேகிகளும் உண்டு. அந்த விவேகிகள் எதைப் பார்த்து வாங்குகிறார்கள், எதைப் பார்த்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியேறுகிறார்கள் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

உதாரணத்துக்கு எம்.ஜி.பி. என்னும் வண்டியை எடுத்துக்கொள்ளுவோம். ஆக்ஸ்போர்டு நகருக்குத் தெற்கே அபிங்டன் என்ற சிற்றூரில் இருந்த எம்.ஜி. தொழிற்சாலையிலிருந்து 1962-ல் இது வெளிவந்தது. இரண்டு பேர் உட்காரலாம். துணிக் கூரையை மடித்து வைத்துவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டே போகலாம். 1,798 கன சென்டிமீட்டர் எஞ்சின் 95 குதிரைச் சக்தியைக் கொடுக்க, வண்டி மணிக்கு 100 மைலைத் தாண்டும். பிரபுக்கள் வீட்டு வண்டியாக இல்லாமல், சம்பளக்காரர்களும் ஆசைப்படக்கூடிய விலையில் இருந்தது. 1980-ல் தொழிற்சாலை மூடப்படும் வரையில் 5 லட்சத்துக்கும் அதிகமான எம்.ஜி.பி. வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றில் பெரும் பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது.

இதற்கு முந்திய எம்.ஜி.ஏ. வண்டியில், கீழே தனியாக ஓர் இரும்புச் சட்டம் இருந்தது; உடல் அதன்மேல் சவாரி செய்தது. எம்.ஜி.பி.யிலோ தனிச் சட்டம் கிடையாது. தகடுகளை மடித்து ஒன்றோடொன்று பற்றவைத்த கூடே சட்டம், அதுவே உடல். மேலே இரும்புக் கூரையும் இல்லாததால், வண்டியின் முன் பாதியையும் பின் பாதியையும் பிணைத்து நிறுத்தும் பொறுப்பு, இரு பக்கமும் கதவுகளுக்கு அடியில் ஓடும் பெட்டி வடிவமான தகட்டு அமைப்பின் மீது விழுகிறது. இதை அடிப்பெட்டி என்று அழைப்போம். வீட்டுக்கு உத்தரம் எப்படியோ, இந்த வண்டிக்கு அடிப்பெட்டி அப்படி.

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். சக்கரம் வாரி இறைக்கும் உப்பும் சேறும் முன் மட்கார்டுக்குப் பின்னாலுள்ள சந்தில் போய்த் தங்கி, ஈரம் காயாமல் கிடந்து, அடிப்பெட்டியை உள்ளேயிருந்து அரிக்கின்றன. துருவானது இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகையால் தகடுகள் சேரும் இடங்கள் உப்பி, பிளந்து, இன்னும் ஈரத்துக்கு வழி விடுகின்றன. வெளியே பளபளவென்று வர்ணம் இருக்கும்போதே உள்ளே கறையான் அரித்த கதவு போல் ஆகிவிடும்.

இங்கேதான் பிரித்துப் போட்ட வண்டியில் ஓர் அனுகூலம் இருக்கிறது. கம்பளமும் மெத்தையும் இல்லை; தரை தெரிகிறது. மட்கார்டு கழற்றப்பட்டிருந்தால் அந்தச் சந்தும் தெரிகிறது. முழு வண்டி மறைக்கக்கூடிய ரகசியத்தைக் கூடு மறைக்க முடியாது.

ஆனாலும் மனிதர்கள் மறைக்கப் பார்ப்பதுண்டு. ஆகையால் விவேகி தன்னோடு ஒரு சிறு காந்தத்தையும் ஒரு திருப்புளியையும் ஒரு விளக்கையும் எடுத்துச் செல்லுகிறான். காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதில் பட்டி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். சொந்தக்காரரின் அனுமதியுடன் திருப்புளியின் முனையால் அடிப்பக்கத்தை அழுத்தினால், நல்ல தகடு அசையாது. கெட்ட தகடு பொருபொருவென்று உதிரும்.

அடுத்தபடியாக, கதவுகளைக் கீலில் மாட்டச் சொல்லிப் பார்க்கவேண்டும். இதற்கு அரைமணி நேரம் ஆகலாம். ஆனால் இதைவிடப் பயனுள்ள அரைமணி வேறில்லை. கதவுக்கும் உடலுக்கும் இடையேயுள்ள சந்து, மேலிருந்து கீழ் வரையில் ஒரே அளவாக இருக்கவேண்டும். மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால், கூடு நடுவில் தொய்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

எல்லாவற்றிலும் பயங்கரமானது பழைய அடிப்பெட்டியின் மேல் புதுத் தகட்டைப் போர்த்திப் பற்றவைக்கும் மோசடி. முறையாக மாற்றுவதானால், மட்கார்டுகளின் கீழ்ப்பகுதிக்குள் மறைந்திருக்கும் முனை வரையில் சென்று, உள் தகடு, நடுத் தகடு, வெளித் தகடு மூன்றையும் புதிதாக வைக்கவேண்டும். வெட்டுவதற்கு முன்பே கதவு வாசலின் குறுக்கே இரும்புச் சட்டம் கொடுத்துத் தாங்கவும் வேண்டும். இல்லாவிடில் கூடு கோணிக்கொள்ளும். அப்புறம் எந்தக் கதவும் சரியாகச் சாத்தாது. இத்தனை சிரமத்துக்குச் சோம்பி மேலே தகட்டை ஒட்டினால், பார்வைக்கு நன்றாயிருக்கும். எதிரே வரும் வண்டி மோதும் நாளில்தான் வித்தியாசம் தெரியும். அந்த ஆசனத்தில் அன்றைக்கு உட்கார்ந்திருப்பது நம் மனைவியாகவோ மகனாகவோ இருக்கலாமல்லவா? ஆகவே இந்த ஒரு விஷயத்தில் தாட்சண்யம் கூடாது.

கூட்டைப் பார்த்தாகிவிட்டது, இனித் தகரங்களைப் பார்க்கலாம். எஞ்சினைக் கையால் சுழற்றினால் சுழல்கிறதா, இறுகிக் கிடக்கிறதா என்று பார்க்கவேண்டும். இறுகியிருந்தாலும் மனம் தளரவேண்டாம். இந்த வண்டிக்கு எஞ்சின் உறுப்புகள் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. எஞ்சினை மீண்டும் உயிர்ப்பிப்பது கூட்டை உயிர்ப்பிப்பதைவிட எளிது. ஆரம்ப காலத்து எஞ்சின்களில் கிராங்க் ஷாப்ட்டை மூன்று பேரிங்குகளே தாங்கின. 1964-ன் பிற்பகுதியிலிருந்து ஐந்து. எது நம் முன்னே கிடக்கிறது என்று தெரிந்துகொண்டே விலை பேசவேண்டும். பிறகு ஒரு காகிதத்தில் ஜாபிதா எழுதி, இரட்டைக் கார்பரேட்டர், விளக்குகள், கண்ணாடிச் சட்டம், அளவுமானிகள் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவேண்டும். “எல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கிறது, ஸார்!” என்பதை நம்பினால், இல்லாததை எல்லாம் நாம்தான் மறுபடி வாங்கவேண்டி வரும்.

கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதுபோல் வண்டிக்கும் பார்க்கவேண்டும். எஞ்சின் அறையில் தகட்டில் பொறித்த எண்ணும், பதிவுப் பத்திரத்திலுள்ள எண்ணும் ஒன்றாயிருப்பது அவசியம். வார்விக்ஷயரில் கேடன் என்ற இடத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தார், பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்து, வண்டி செய்யப்பட்ட தேதியையும் அதன் முதல் வர்ணத்தையும் அத்தாட்சியாக எழுதிக் கொடுக்கிறார்கள்.

கடைசியில் கணக்கு. வாங்கும் விலை முதல் தவணை மாத்திரமே. பற்றவைப்பு, வர்ணம், குரோமியம் முலாம், மெத்தை என்று செலவு வளர்ந்துகொண்டே போகும். வீட்டைக் கட்டினவர்களுக்கு இதன் ருசி தெரியும். கூலி கொடுத்து எல்லாவற்றையும் செய்வித்தால், முடிந்த வண்டியின் சந்தை விலையைவிடச் செலவு மிஞ்சிப் போவது சகஜம். ஆகையால் லாபத்துக்காக இதில் இறங்குகிறவன் ஏமாறுவான். கூடு அடியோடு கெட்டிருந்தாலும் ஒரு மார்க்கம் உண்டு. 1988-ல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் ஸ்தாபனத்தார், பழைய தொழிற்சாலை அச்சுக்களையே தேடி எடுத்து, எம்.ஜி.பி. கூட்டைப் புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். ஆனால் அதன் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பார்த்தால், எதிரே நிற்கும் துருப்பிடித்த கூட்டுக்குக் கொடுக்கக்கூடிய தொகை மிகவும் குறைந்துவிடும்.

இன்னொரு கேள்வியை வண்டியிடம் கேட்க முடியாது, நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும். இந்த வண்டியைப் பிரித்தவரும் ஒரு காலத்தில் உற்சாகத்தோடுதான் பிரித்திருப்பார். பிறகு குழந்தை பிறந்திருக்கும், உத்தியோகம் மாறியிருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறி, மறு ஞாயிறும் தவறியிருக்கும். திருப்புளி எடுத்துப் பிரிக்க ஒரு வாரம் போதும்; சேர்க்கச் சில வருஷங்கள் வேண்டும். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுக்க நாமும் நம் குடும்பத்தாரும் சம்மதிக்கிறோமா? சம்மதமானால், அடிப்பெட்டி உறுதியாயிருந்து, எண்களும் ஒத்திருந்து, ஜாபிதாவும் நிறைந்திருந்தால், தைரியமாகப் பேரம் பேசலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும், சொந்தக்காரருக்கு வந்தனம் சொல்லிவிட்டு வெளியே வருவதில் வெட்கம் ஒன்றுமில்லை. செய்யப்பட்ட எம்.ஜி.பி.கள் லட்சக்கணக்கானவை, நல்ல கூடு இன்னொரு கொட்டகையில் காத்திருக்கும்.