பாரிமுனைக்கு வடக்கே ஒரு நாள்

பொழுது விடிவதற்கு முன்பே காசிமேடு மீன்பிடித் துறைமுகம் முழுதாக விழித்துவிடும். விசைப்படகுகளிலிருந்து கூடை கூடையாக மீன் இறங்கும். ஐஸ் உடைக்கும் சத்தத்தையும் மீறி ஏலக்காரரின் குரல் கேட்கும். வஞ்சிரம், சங்கரா, கடம்பா, நெத்திலி, இறால் என்று கண் போகும் இடமெல்லாம் மீன்தான். ஞாயிற்றுக்கிழமையானால் ஊரின் அந்தக் கோடியிலிருந்தெல்லாம் பையோடு வந்து நிற்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், இந்தக் காட்சியைப் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

சென்னையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மெரினா, மயிலாப்பூர், மாமல்லபுரம் என்று தெற்கேதான் போகிறார்கள். வடசென்னை என்றதும் புகைபோக்கியும் கன்டெய்னர் லாரியும் சினிமாவில் வரும் அரிவாளும்தான் நினைவுக்கு வருகின்றன. இது அநியாயம். இத்தாலியின் நேப்பிள்ஸும் நெரிசல் மிகுந்த துறைமுக நகரம்தான். அதன் சந்துகளையும் தெருவோரப் பீட்சாவையும் தேடி உலகமே போகிறது. ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் அப்படி ஒரு முழு நாளைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

காசிமேட்டிலிருந்து ராயபுரம் பக்கம்தான். புனித பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்பார்கள். ஊரின் பெயரே அதிலிருந்து வந்தது. துறைமுகம் கட்டப்படாத காலத்தில், நடுக்கடலில் நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கொண்டுவந்த படகோட்டிகள் எழுப்பியது இங்குள்ள ராயப்பர் தேவாலயம். ரயில் நிலையத்தையும் பார்த்தே ஆகவேண்டும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அந்தக் கட்டடம் தூண்களோடு இன்றும் நிற்கிறது.

தண்டையார்பேட்டையின் பெயருக்குப் பின்னால் ஒரு சூஃபி ஞானி இருக்கிறார். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபை மக்கள் 'தொண்டியார்' என்று அழைத்தார்கள் என்றும், தொண்டியார்பேட்டைதான் தண்டையார்பேட்டை ஆனது என்றும் சொல்வார்கள்.

இங்கிருந்து மெட்ரோ ஏறினால் திருவொற்றியூர் தேரடி சில நிமிடம்தான். 2021இல் விம்கோ நகர் வரை பாதை நீண்ட பிறகு இந்தப் பயணம் மிகவும் எளிதாகிவிட்டது. அங்குள்ள தியாகராஜர் கோயில் தேவார மூவரும் பாடிய தலம். ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எடுத்துக் கட்டப்பட்ட கருவறையில் ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுக்கக் கவசத்துக்குள் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டுமே கவசம் களைந்த தரிசனம். சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும், மகிழமரத்தடியில் சத்தியம் செய்ததும் இந்தக் கோயிலில்தான். மதியம் நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும்.

மாலையில் அதே மெட்ரோவில் மண்ணடிக்குத் திரும்பினால், செகண்ட் லைன் பீச் சாலையில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் விற்கும் வண்டிகள் களைகட்டியிருக்கும். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் ஏறக்குறைய வெறுங்கையோடு கப்பலேறினார்கள். பிழைப்புக்காக அவர்கள் போட்ட கடைகள்தான் பர்மா பஜார். அவர்கள் கைப்பக்குவம்தான் அத்தோ.

வேகவைத்து ஆறவைத்த நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், எண்ணெய் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். மேலே பேஜோ என்னும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப் போடுவார்கள். அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயமும் பூண்டும் அடைத்துத் தருவது இன்னொரு வகை. ரங்கூனில் மீன் சாற்றில் வாழைத்தண்டு போட்டுச் செய்யும் மொகிங்காவின் நினைவாக, இங்கே வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கும். அத்தோவோடு அதையும் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.