காலை எட்டரை மழையும் கணினியின் கடிகாரமும்

கள்ளக்குறிச்சிப் பக்கத்து நைனார்பாளையத்தில் திங்கட்கிழமை இரவு பத்து மணிக்குக் கொட்டும் மழை, அரசுக் கணக்கில் செவ்வாய்க்கிழமை மழை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. மழைமானியில் சேர்ந்த நீரை அந்த நேரத்தில் அளந்து, அளந்த தேதியிலேயே எழுதுகிறார்கள். கல்வராயன் மலையானாலும் சென்னையானாலும் அதே எட்டரைதான். ஓர் ஊர் மழையை இன்னோர் ஊர் மழையோடு ஒப்பிட முடிவதற்கு இந்த ஒழுங்குதான் காரணம்.

இந்த அளவுகளைத் திரட்டி, சரிபார்த்து, வட்டம், மாவட்டம் என்று தொகுத்து அறிக்கையாக்கும் தொடர் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தால் அதற்குப் பெயர் டேட்டா பைப்லைன். யாரும் பொத்தானை அழுத்தாமல் தினமும் குறித்த நேரத்தில் அது தானாக ஓட வேண்டும்.

யூனிக்ஸ் கணினிகளில் இதற்கென்று 1970-களிலிருந்தே இருப்பது கிரான் என்னும் நிரல். அதற்கு ஒரே வரி போதும். அந்த வரியில் ஐந்து இடங்கள்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. ‘30 8 * * *’ என்று எழுதினால் தினமும் எட்டரைக்கு ஓடும். நட்சத்திரக் குறிக்கு ‘எதுவானாலும் சரி’ என்று பொருள்.

முதல் சிக்கல் இங்கேயே வந்துவிடும். பல சர்வர்களின் கடிகாரம் நம் நேரத்தில் ஓடுவதில்லை. உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், மேலே எழுதிய வரி நமக்குப் பிற்பகல் 2 மணிக்குத்தான் வேலையைத் தொடங்கும். நம் எட்டரைக்கு ஓட ‘0 3 * * *’ என்று எழுத வேண்டும்.

சரி, எட்டரைக்கே ஓடலாமா? கூடாது. எட்டரை என்பது அளக்கும் நேரம். தகவல் வந்து சேர இன்னும் சற்று ஆகும். மலைமேலிருந்து வர வேண்டிய அளவு வராத நிலையில் கூட்டினால், மாவட்டச் சராசரி பிழையாகிவிடும். ஒன்பது மணிக்குத் திரட்டல், ஒன்பதே காலுக்குக் கூட்டல் என்று இடைவெளி விடலாம். ஆனால் திரட்டல் இழுத்துக்கொண்டே போனால் அதுவும் உதவாது. முந்தைய படி முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் கருவிகள் இதற்காகவே வந்தன. ஏர்பிஎன்பி நிறுவனத்தில் 2014-ல் உருவான ஏர்ஃப்ளோ அவற்றில் பலரும் அறிந்தது. ஒரு நாளுக்குரிய வேலையை அந்த நாள் முடிந்த பின்னரே ஓட்டுவது நெடுநாள் அதன் வழக்கமாக இருந்தது. மழைமானியைப் படிப்பவரும் அப்படித்தானே செய்கிறார்!

கரன்ட் போய்க் கணினி அணைந்திருந்தால், தவறிய வேலையைச் சாதாரண கிரான் பிறகு ஓட்டாது. நாம்தான் மறுபடி ஓட்ட வேண்டும். அப்போது 40 மில்லிமீட்டர் மழை இரண்டு முறை பதிவாகி 80 ஆகிவிட்டால்? வானிலைத் துறையின் கணக்கில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து கனமழை. பெய்யாத கனமழை பதிவேட்டில் ஏறிவிடும். எனவே ஒரே நாளின் தரவு திரும்ப வந்தால் கூட்டாமல், பழையதன் இடத்தில் புதியதை வைக்கும்படி எழுத வேண்டும்.

இதைவிட நான் அஞ்சுவது வெற்றிடத்தைத்தான். அளவு வராத ஊருக்கு நிரல் பூஜ்யம் போட்டுவிட்டால், ‘தகவல் இல்லை’ என்பது ‘மழை இல்லை’ என்று மாறிவிடுகிறது. மானாவாரி விவசாயிக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல. வறட்சியா இல்லையா என்று பின்னாளில் முடிவு செய்பவர்கள் பார்ப்பது அந்தப் பதிவேட்டைத்தான். வராததை வராததாகவே காட்டிவிட்டு, பத்து மணிக்கும் வரவில்லையென்றால் பொறுப்பானவரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புவதே நேர்மையான பைப்லைன்.

சின்னசேலம், கள்ளக்குறிச்சிப் பக்கம் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியின் தினசரி மழை அளவைச் சேகரிக்கும் சிறிய பைப்லைன் ஒன்றை எழுதிப் பாருங்கள். அது ஓடியதும் ஒரு நாள் வேண்டுமென்றே தடுத்து நிறுத்துங்கள். உங்களுக்கு எச்சரிக்கை வரவில்லையென்றால் வேலை இன்னும் முடியவில்லை.