துவரைக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்

"வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சும் புழு சாகலையே" என்று சிலர் குறைப்படுவதுண்டு. அது உடனே கொல்லும் மருந்தல்ல. கரைசல் பட்ட மொட்டையும் பிஞ்சையும் காய்ப்புழு தின்னக் கூசும்; தின்றாலும் தோலுரிக்க முடியாமல் நாளடைவில் சாகும். ஆகவே பூக்கும் தருணத்தில், புழு சிறுசாக இருக்கும்போதே அடியுங்கள். காயைக் குடைந்து உள்ளே போனபின் அடித்துப் பயனில்லை. ஒரே புழு பல காய்களைக் காலி செய்துவிடும்.

நிழலில் உலர்த்திய வேப்பம்பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். மறுநாள் துணியில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து 100 லிட்டராக்குங்கள். காதி சோப்பும் கரைத்துச் சேர்க்கணும். இல்லாவிட்டால் செடியில் ஒட்டாது. ரொம்பப் பழைய கொட்டை வேண்டாம். வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் சாயங்காலமே அடியுங்கள். கரைசலை மிச்சம் வைக்காமல் அன்றே தீர்த்துவிட வேண்டும்.