கணிப்பொறி வலையில் முகவரியும் நெறிமுறையும்

மும்பையில் தாராவிக்குச் செல்லும் கடிதத்தின் உறைமீது 400017 என்னும் எண் எழுதப்படுகிறது. மாதுங்காவுக்கு 400019, செம்பூருக்கு 400071. முதல் மூன்று இலக்கங்கள் கடிதத்தை மும்பைக்குக் கொணர்கின்றன. எஞ்சிய மூன்றும் அஞ்சலகத்தைக் குறிக்கின்றன. சென்னையில் கடிதங்களைப் பிரிப்பவர் தாராவியின் சந்துகளை அறிந்திருக்க வேண்டுவதில்லை. 1972-இல் வந்த இந்த ஏற்பாட்டின் வசதி இதுவே. கணிப்பொறியின் ஐ.பி. முகவரியும் இவ்வாறே இரு பகுதிகளை உடையது. முற்பகுதி வலையையும், பிற்பகுதி அவ்வலையிலுள்ள பொறியையும் சுட்டும். இடையிலுள்ள ரூட்டர் என்னும் கருவி முற்பகுதியைக் கொண்டே வழியைத் தெரிந்துகொள்கிறது.

எனினும் அஞ்சலுக்கும் வலைக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. வலையில் செய்தி முழுமையாகச் செல்வதில்லை. பெரும்பாலும் 1,500 பைட்டுகளுக்கு மேற்படாத பொட்டலங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியே செல்கிறது. சில பிந்தி வரும்; சில தொலைந்தும் போகும். ஐ.பி. நெறிமுறை இதற்குப் பொறுப்பேற்பதில்லை. அப்பொறுப்பு டி.சி.பி. நெறிமுறையைச் சார்ந்தது. அனுப்பும் பொறி வரிசையெண் இடுகிறது. பெறும் பொறி ஒப்புகை தருகிறது. ஒப்புகை உரிய காலத்தில் வாராவிடில் அதே பகுதி மீண்டும் அனுப்பப்படும். ஆகவே இடையிலுள்ள கம்பி பழுதற்றதாய் இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை இல்லை. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரு கடலடிக் கம்பிகள் அறுந்தபோது, இந்தியாவின் மேற்குத்திசைப் போக்குவரத்து பெரிதும் தடைப்பட்டது. ஒரு பகுதி கிழக்கு வழியாகத் திருப்பிவிடப்பட்டது. வேகம் குன்றியது, ஆயினும் சென்று சேர்ந்த கடிதங்களில் சொற்கள் விடுபடவில்லை.

இவ்வளவும் நிகழ்வதற்கு இரு முனைகளும் ஒரே விதியைக் கைக்கொள்ளவேண்டும். அந்த ஒற்றுமை எளிதில் வந்துவிடவில்லை. 1986-இல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்னெட் வலையைத் தொடங்கியது. அதில் மும்பையிலிருந்து ஜூஹூவின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் பவாய் ஐ.ஐ.டி.யும் பங்குகொண்டன. முதலில் டெலிபோனில் அழைத்து மின்னஞ்சலை மாற்றிக்கொண்டனர். பின்னர் அமைந்த நிலையான இணைப்புகளில் டி.சி.பி./ஐ.பி. நெறிமுறையும், சர்வதேசத் தர அமைப்பு வகுத்த ஓ.எஸ்.ஐ. நெறிமுறையும் அருகருகே இயங்கின. அரசுகள் பலவும் பின்னதையே ஆதரித்தன. ஆனால் 1995-க்குப் பின் எர்னெட்டின் போக்குவரத்து ஏறக்குறைய முழுவதும் முன்னதன் வழியே சென்றது. குழுக்கள் கூடி வகுத்த விதியினும், ஏற்கெனவே பலரிடம் இயங்கிக்கொண்டிருந்த விதியே வென்றது எனலாம்.

பள்ளிகளில் ‘இணையம் வரவில்லை’ என்று கூறுவோர் பெரும்பாலும் வெவ்வேறு பழுதுகளுக்கு ஒரே பெயரிடுகின்றனர். முதலில் பொறியின் முகவரியைக் காண்க. அது 169.254 என்று தொடங்குமாயின், முகவரி வழங்கும் கருவி விடையளிக்கவில்லை. பொறி தானே ஒன்றை இட்டுக்கொண்டது என்பது பொருள். பழுது அநேகமாகப் பள்ளிக் கட்டடத்திற்குள்ளேயே இருக்கும். கம்பியையும் ரூட்டரையும் நோக்காது நிறுவனத்திற்குப் புகார் அனுப்புவது நாளை வீணாக்கும். முகவரி முறையாயிருந்து, எண்ணால் அழைத்தால் தொலைவிலுள்ள பொறி விடையளித்து, பெயரால் அழைத்தால் மட்டும் விடை வாராவிடில், வழியில் குறையில்லை. பெயரை எண்ணாக மாற்றித்தரும் டி.என்.எஸ். என்னும் ஏற்பாட்டையே அப்போது ஆராய்தல் வேண்டும்.